கையைக் காட்டாத கோல் கீப்பர்

காலை ஆறரை மணி. பாரிமுனையில் பஸ் ஏறினேன். காஞ்சிபுரத்துக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய் நாற்பது பைசா. எங்கள் தொழிற்சாலைக் கால்பந்து அணிக்கு நான் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். அணி தோற்றால் திட்டு வாங்குகிற வேலை. எங்கள் கோல் கீப்பர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அடுத்த ஞாயிறு லீக் ஆரம்பம். "கீப்பரோடு வா, இல்லாவிட்டால் வராதே" என்று மேனேஜர் அனுப்பியிருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் டீ குடிக்க இறங்கிய டிரைவர் அரை மணி நேரம் ஏறவே இல்லை. கேட்டதற்கு, "அமாவாசையும் அதுவுமா என்னா சார் அவசரம்?" என்றார்.

ஒன்பதே முக்கால். பஸ் நிலையத்திலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷா முக்கால் ரூபாய். தெருவில் தறிச் சத்தமே இல்லை. அமாவாசையன்று நெசவாளர்கள் தறியில் உட்காருவதில்லை. அதனால்தான் கால்பந்துத் தொடரின் இறுதி ஆட்டத்தை அன்று வைத்திருந்தார்கள். நான் தேடிப் போன கீப்பர் ஏகாம்பரம், தொடர் முழுக்க ஒரு கோல்கூட விடாதவன். நெடுநெடுவென்று உயரம். தொழிற்சாலை வேலை, மாதச் சம்பளம் என்றதும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தறியில கல்யாணப் பொடவ ஒண்ணு இருக்குது சார். வெள்ளிக்கெழம முடிச்சிட்டு சனிக்கெழம மெட்ராசுக்கு வந்துடறேன்."

"முதல்ல உன் ஆட்டத்தைப் பார்க்கணும்பா. பார்க்காம சேர்த்தா மேனேஜர் என் தோலை உரிச்சிடுவார்."

நான்கு மணி. பள்ளிக்கூட மைதானம். பேருக்குக்கூடப் புல் இல்லை, அத்தனையும் சரளைக் கல். எதிரணி வாலாஜாபாத்காரர்கள். இருபது நிமிஷத்தில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. ஏகாம்பரம் பந்தைக் கையால் தொடவே இல்லை! காலால் உதைத்தான், நெஞ்சில் வாங்கினான், தலையால் தள்ளினான். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். இந்தக் கூத்தைப் பார்க்கவா விடியற்காலையில் எழுந்து வந்தேன்? இடைவேளை வரை இரண்டு பக்கமும் பூஜ்யம்.

"கீப்பருக்குக் கை எதுக்குன்னே இவனுக்குத் தெரியாதா?" என்று பக்கத்தில் நின்ற நெசவாளியிடம் எரிந்து விழுந்தேன்.

"அட, நீ வேற சார்! விரலு சொரசொரன்னு ஆயிட்டா பட்டு இழை மாட்டிக்கினு அறுந்துபூடும். அந்தக் கைய வச்சிக்கினுதான் அவனுக்குச் சோறு."

அதற்காக? நான் எதைப் பார்த்து ஆளைச் சேர்ப்பது? கோலுக்குப் பின்னால் போய் நின்று கத்தினேன்: "ஏகாம்பரம், கையைக் காட்டுப்பா! இல்லன்னா வேலை இல்லை!"

அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

ஐந்தே கால். ஒருவழியாக ஏகாம்பரத்தின் அணி ஒரு கோல் போட்டது. கடைசி நிமிஷத்தில் அவன் அணி ஆள் ஒருவனே பந்தைக் கையால் தடுத்துத் தொலைக்க, வாலாஜாபாத்துக்குப் பெனால்டி. பந்து இடது மூலைக்குத் தரையோடு பாய்ந்தது. ஏகாம்பரம் இரண்டு கையையும் நீட்டி முழு உடம்போடு சரளையில் விழுந்தான். பந்து அவன் விரலில் பட்டு, கம்பத்தில் மோதி வெளியே போனது. விசில். "என்ன கை! என்ன கை!" என்று நானும்தான் குதித்தேன்.

வேலைக்கான படிவத்தோடு ஓடினேன். அவன் பேனாவை வாங்கவில்லை. உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. அவன் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சொம்புத் தண்ணீரை அவன் கையில் ஊற்றினாள்.

"இது ஆறப் பத்து நாளாவும். ரத்தக் கையோட கல்யாணப் பொடவையத் தொட முடியுமா?" என்றாள்.

"மிச்சத்தை வேற யாராவது நெய்யட்டுமேம்மா!"

"ஆளு மாறினா இழைய நெருக்கி அடிக்கிற அடி மாறிப்பூடும்ணா. பாதிப் பொடவ ஒரு மாதிரி, பாதி ஒரு மாதிரி இருக்கும். கல்யாண வூட்ல ஒத்துக்குவாங்களா?"

"அப்ப ஞாயிற்றுக்கிழமை?" என்று ஏகாம்பரத்தைக் கேட்டேன்.

"பொடவைய முடிக்காம வரமாட்டேன் சார். நீங்கதானே கையக் காட்டச் சொன்னீங்க," என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னைக் குத்தியது.

ஏழு மணி பஸ்ஸில் கடைசி சீட். எங்கள் தொழிற்சாலையில் ஒருவனுக்குக் கையில் அடிபட்டால் அரை மணியில் அந்த மெஷினில் இன்னொருவன் நிற்பான். அந்த நினைப்பிலேயே இங்கேயும் வந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஒரு கோல் போயிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? காலையிலிருந்து டிரைவரைத் திட்டியாயிற்று, மைதானத்தைத் திட்டியாயிற்று, ஏகாம்பரத்தைத் திட்டியாயிற்று. திட்டுவதற்கு மிச்சம் இருந்தவன் நான் ஒருவன்தான்.