செல்வாம்பாளின் காதில் விழுந்த ரெப்பெத்திசியோன்

செல்வாம்பாள். பிறப்பு: 1981, சாரம். தந்தை பக்கிரி, பஞ்சாலைத் தொழிலாளி. 1995இல் ஒன்பதாம் வகுப்பில் தோல்வி. அதே வகுப்பில் மீண்டும் உட்கார வைக்கப்பட்டதால் படிப்பை நிறுத்தித் தையல் கற்றார். 2008இல் திருமணம். கணவர் இனியவன் நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறார். ஒரே மகள் கவிநிலா, பிறப்பு 2010. தொழில்: பள்ளிச் சீருடை தைத்தல்.

மேற்கண்டவற்றுள் 1995ஆம் ஆண்டே அவருடைய பிற்காலச் சந்தேகங்களுக்கெல்லாம் வேர். மகளின் பள்ளியிலிருந்து வரும் எந்தச் செய்தியையும் வேறு இரண்டு பெற்றோரிடம் விசாரிக்காமல் அவர் நம்புவதில்லை.

2024 அக்டோபரில் பள்ளியின் நாடக ஆசிரியை லெத்திசியா தொலைபேசியில் அழைத்தார். "கவிநிலாவுக்கு இந்த வாரம் ரெப்பெத்திசியோன் இருக்குங்கம்மா. வர லேட்டாகும்."

பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பத்தில் வளர்ந்த லெத்திசியாவுக்கு அது ஒத்திகையைக் குறிக்கும் வீட்டுச் சொல். செல்வாம்பாளின் காதில் நின்றதோ 'ரிப்பீட்' மட்டும். மகளும் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளையும் உட்கார வைக்கப்போகிறார்கள். நேரே சொல்லத் துணிவில்லாமல் பிரெஞ்சில் சொல்கிறார்கள் என்று முடிவுசெய்தார். பெயில் செய்தி என்பதால் மற்ற பெற்றோரிடம் விசாரிக்கக் கூசி, மறுநாள் மாலை பள்ளிக்கே சென்றுவிட்டார்.

"மேடம், அக்டோபர்லயே எப்படி பெயிலுன்னு முடிவு பண்ணீங்க?"

"யாரு பெயிலு?"

"நீங்கதான போன்ல ரிப்பீட்டுன்னீங்க."

லெத்திசியாவுக்குப் புரியச் சற்று நேரமானது. "ஐயோ, ரிகர்சல்மா. நாடக ரிகர்சல். எங்க வீட்ல அப்படித்தான் சொல்லுவோம்."

செல்வாம்பாள் ஒத்திகைக்காக அங்கே நின்ற மகளைப் பார்த்தார். "காலாண்டுல கணக்கு நாப்பத்தாறு. இதுல நாடகம் வேற."

"ம்மா, மெதுவா பேசும்மா."

"பேரை எடுத்துடுங்க மேடம்."

"எடுத்துடறேன். கொஞ்ச நேரம் உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

தன் வாயை அடைக்கும் தந்திரம் இது என்று எண்ணியபடியே கடைசி வரிசையில் அமர்ந்தார்.

கவிநிலாவுக்குக் காய்கறிக்கடைக்காரி வேடம். "எடை சரியாத்தான் இருக்கு, உங்க கண்ணுதான் சரியில்ல" என்பது வசனம். முதலில் முணுமுணுத்தாள். "இன்னொரு வாட்டி" என்றார் லெத்திசியா. அடுத்து, கத்தினாள். "இன்னொரு வாட்டி." பிறகு, வாடிக்கையாளராக நின்ற மாணவியின் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். அந்த மாணவி தன்னையறியாமல் குனிந்து, இல்லாத தராசைப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"இத்தன தப்பு பண்றா, நீங்க திட்டவே இல்லயே" என்றார் செல்வாம்பாள். குறை சொல்லும் குரல்தான் அது.

"தப்பு பண்ணிப் பாக்கத்தாம்மா ரிகர்சலே. மேடையில பண்ண முடியாதில்ல."

செல்வாம்பாள் அறிந்தவரை, ஒன்றைத் திரும்பச் செய்யவைப்பது தண்டனை. இங்கே பிள்ளைகள் அதைச் சிரித்துக்கொண்டே செய்வது அவருக்கு நம்பும்படியாக இல்லை. ஆனாலும் ஒத்திகை முடியும்வரை எழவில்லை.

"சரி, பேரு இருக்கட்டும். அரையாண்டுல கணக்கு அம்பதுக்குக் கீழ போச்சுன்னா நானே வந்து எடுத்துடுவேன்."

"சரிம்மா."

"அப்புறம், அந்த வார்த்தைய இனிமே போன்ல சொல்லாதீங்க."

அன்று முதல் வீட்டில் மகளின் கணக்குகளைத் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே போடவைத்தார். விடை பிழையானால் திட்டுவது அவர் வழக்கம். இப்போது, "இன்னொரு வாட்டி போடு" என்றார். கவிநிலா அம்மாவைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, மீண்டும் போட்டாள்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடந்தது. விடைத்தாள் கைக்கு வந்ததும் செல்வாம்பாள் மதிப்பெண்களைத் தாமே இருமுறை கூட்டிப் பார்த்தார்.

கணக்கு: நூற்றுக்கு ஐம்பத்து மூன்று.