சித்தப்பா அணைத்த ஃபோகஸ் லைட்

எங்கள் ஆய்வகத்துக்குள் முதன்முதலாக நுழைந்த அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னலில் கறுப்புத் திரை. மூலையில் ஒரே ஒரு சிவப்பு பல்ப். மேசைமேல் இருந்த குப்பிகளையெல்லாம், பரோட்டாக் கடையில் பார்சல் கட்டுகிற அதே வெள்ளித் தாளால் சுற்றி வைத்திருந்தார்கள். "வெளிச்சம் பட்டா மருந்து வீணாயிடும். போகப் போகப் பழகிடும்" என்றார் சீனியர் அக்கா. எனக்குப் பழக என்ன இருக்கிறது? இப்படி ஒரு வீட்டில் வாழ்ந்துவிட்டு வந்தவள்தானே நான்!

அது சித்தி வீடு. உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகிற வழியில் ஒரு ஊர். காஞ்சிபுரத்தில் காலேஜ் படித்தபோது அங்கேதான் தங்கியிருந்தேன். சித்தப்பாவுக்கு மைக் செட், சீரியல் செட் தொழில். கல்யாணமோ காதுகுத்தோ கோயில் திருவிழாவோ, சுற்றுவட்டாரத்தில் வெளிச்சம் போடுகிறவர் அவர்தான். வீட்டில் கோழிக்கூண்டுக்குக்கூட ஒரு பல்ப் உண்டு.

சித்திக்குக் கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண். புகையிலைப் பழக்கம். டெஸ்டில் கேன்சர் என்று வந்தது. நல்லவேளை, ஆரம்பக் கட்டம். வெட்டாமல் ஒளியாலேயே பார்க்கலாம் என்றார்கள் சென்னை ஆஸ்பத்திரியில். ஊசியில் ஒரு மருந்து போடுவார்கள். அது உடம்பெல்லாம் பரவிச் சும்மா கிடக்கும். சில நாள் கழித்து, மெல்லிய குழாய் வழியாகப் புண்ணின்மேல் மட்டும் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட இடத்தில் மருந்து விழித்துக்கொண்டு அங்கிருக்கும் செல்களைக் கொல்லும். சிக்கல் என்னவென்றால், மிச்ச மருந்து தோலில் சில வாரம் தங்கிவிடும். அதுவரை வெயில் பட்டால் தோல் வெந்துபோகும்.

சித்தியின் கவலையோ வேறு. மாசி மகத்தன்று சாமி தெருவில் வரும்போது வாசலில் நின்று அவள் தட்டு கொடுக்காத வருஷமே கிடையாது. "கன்னம் எப்படியோ போவட்டும். சாமி வர்ற அன்னிக்கி நான் வாசல்ல நிக்கணும். அத்த மட்டும் பாத்துக்க பாப்பா" என்றாள்.

சிகிச்சை முடிந்து, தலையோடு போர்த்தி காரில் கூட்டி வந்தோம். 'வெளிச்சத்தில் வரக்கூடாது' என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சித்தப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பல்புகளைக் கழற்றினார். ஃபிரிட்ஜுக்குள் இருந்ததையும் விடவில்லை. ஓட்டின்மேல் ஏறி, நடுவில் பதித்திருந்த கண்ணாடி ஓட்டைத் தார்ப்பாயால் மூடினார். ஜன்னலுக்கு ஏதோ காதுகுத்துக்குப் போட்ட பழைய பேனர். உள்பக்கம் பார்க்கக் கட்டிவிட்டதால், யார் வீட்டுக் குழந்தையோ பகலெல்லாம் எங்களைப் பார்த்து மங்கலாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்த இருட்டை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். மூன்று பேரும் தடவித் தடவிச் சாப்பிடுவோம். சித்திக்குக் காரமில்லாத குழைந்த சோறு. தெருவில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்து யாருடையது என்று பந்தயம் கட்டுவோம். அவள்தான் ஜெயிப்பாள். கன்னம் வலிக்கும் என்று வாயைத் திறக்காமலே "ம்ம்" என்று சிரிப்பாள். முகம் தெரியாது, அந்த "ம்ம்" மட்டும் கேட்கும்.

ஒருநாள் சித்தி ஆட்டுக்கல்லில் இடித்துக்கொண்டு கால் விரலைக் கிழித்துக்கொண்டாள். காயத்துக்கு என்ன போடலாம் என்று ஆஸ்பத்திரி நர்ஸுக்கு போன் போட்டேன்.

"ஏம்மா, இருட்டுல எதுக்கு நடந்தாங்க?"

"நீங்கதானே மேடம் வெளிச்சம் கூடாதுன்னு..."

"அய்யோ! வெயிலும் ஃபோகஸ் லைட்டும்தாம்மா கூடாது. சாதா வீட்டு வெளிச்சம் கண்டிப்பா வேணும். அது கொஞ்சம் கொஞ்சமா பட்டாதான் தோல்ல இருக்கற மருந்து கரையும். இப்படி மூடி வெச்சா இன்னும் நாள் ஆகும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சித்தி வாயைப் பாதி திறந்தபடியே ஆரம்பித்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் லைட்டு போடுவ, எனக்கு மட்டும் குகை கட்டிக் குடுத்தியா? நல்லா கீதுய்யா உன் தொயிலு!"

சித்தப்பா ஸ்டூலைப் போட்டு ஏறி, சின்ன பல்பாகப் பார்த்து ஒவ்வொன்றாக மாட்டினார். மாட்டும்போதெல்லாம் "இது ஓகேவா பாப்பா? இது?" என்று என்னைக் கேட்டார்.

நாள் தள்ளிப்போனதில் மாசி மகம் கிட்டே வந்துவிட்டது. பொழுது சாய்ந்தபின் வெளியே வரலாம், ஆனால் பளீரென்ற விளக்கின் கீழே நிற்கவே கூடாது என்றார் நர்ஸ். ராத்திரி வரும் சாமிக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டியில் வருகிற இரண்டு ஃபோகஸ் லைட்டும் சித்தப்பாவுடையதுதான். ஊரில் அவருக்கு இருந்த பெருமையே அந்த இரண்டும்தான்.

எங்கள் தெரு திரும்பும்போது அவரே இரண்டையும் அணைத்தார். மிச்சம் இருந்தது எங்கள் வாசலில் தொங்கிய சீரியல் பல்ப் மட்டும். பச்சையும் நீலமுமாகக் கடுகு கடுகாய் வெளிச்சம்.

"இன்னாபா, டீசல் மிச்சம் புடிக்கிறியா? பள்ளம் கீது, கால் தெரியல!" என்று சாமி தூக்குகிறவர்கள் கத்தினார்கள்.

"வூட்டுக்காரிக்கு ஆவாதுபா. கொஞ்சம் பாத்து நடங்க."

அதற்குப்பின் தோளில் சாமியோடு, காலால் தரையைத் துழாவிக்கொண்டு மெல்ல வந்தார்கள். முழுக்கை ரவிக்கையும் தலையில் முக்காடுமாகச் சித்தி படியிறங்கித் தட்டை நீட்டினாள். பூசாரி அந்த மங்கலில் நெற்றி எதுவென்று தெரியாமல் மூக்கில் குங்குமத்தை வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா முதலில் சிரித்தாள். பிறகு சித்தி. "ம்ம்" இல்லை, வாய் முழுக்கத் திறந்து, சத்தமாக.

மறுநாள் காலையில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. ஆறிய புண்ணும் இப்போது வரைக்கும் திரும்ப வரவில்லை.

ஆய்வகத்தில் என் வேலையே இப்போது ஒரு உருண்டை செய்வதுதான். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழி. சித்திக்குப் போட்ட மாதிரி மருந்தைத் தனக்குள் பூட்டி வைத்திருக்க வேண்டும். சதைக்குள் ஊடுருவுகிற ஒருவகை ஒளி படும் இடத்தில் மட்டும் திறக்க வேண்டும். மற்ற இடத்தில் அது திறக்காமலே உடம்பைவிட்டு வெளியேறிவிட்டால் யாரும் வாரக்கணக்கில் ஒளிந்து கிடக்க வேண்டாம். செய்கிறோம், சரியாக வரவில்லை. இருட்டிலேயே ஒழுகுகிறது.

சித்தி போனில் விடாமல் கேட்பாள்: "உன் உருண்டை இன்னா ஆச்சி?"

"இன்னும் ஒயுவுது சித்தி."

"உங்க சித்தப்பாவ அனுப்பவா? மூடறதுல கில்லாடி."

பின்னாலிருந்து சித்தப்பா ஏதோ முணுமுணுப்பது கேட்கும். நான் சிவப்பு பல்பின் கீழே அடுத்த குப்பிக்கு வெள்ளித் தாளைச் சுற்றுவேன்.