பாதை நின்ற நேரம்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் தட்டையான இரும்பு மிதவையை நாங்கள் ‘பாதை’ என்றுதான் சொல்வோம். ஏறி நின்றால் சற்று நேரத்தில் அக்கரை.

அன்று என் கைப்பையில் ஒட்டிய கடித உறை ஒன்று இருந்தது. என் மார்பில் இருந்த கட்டியை ஊசியால் குத்தி எடுத்துச் சோதித்த முடிவு. டொக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை பொறுக்க எனக்கு எங்கே பொறுமை? காரைநகரில் இருக்கும் என் அக்கா தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வாசித்துச் சொல்லட்டும் என்று, படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வெளிக்கிட்டேன்.

நடுவழியில் எஞ்சின் நின்றது. அறுந்த வலைத்துண்டு ஒன்று அடியில் சுற்றிக்கொண்டதாம். ஓட்டுபவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஒருவரும் பதற வேண்டாம் என்றார். எனக்குப் பதற்றத்தோடு கோபமும் வந்தது. வலையை அறுத்துவிட்டவன்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். கைப்பையின் வார் உரசி வந்த வீக்கம் என்று ஒரு வருடமாக என்னையே ஏமாற்றியவள் நான்தானே.

போன் அடித்தது. வவுனியாவிலிருந்து அந்த மாதம்தான் மாற்றலாகி வந்த எங்கள் பள்ளிக்கூட அதிபர். சோதனைத் தாள்கள் எந்த அலுமாரியில் என்று கேட்டார். சொன்னேன். எங்கே நிற்கிறேன் என்றும் கேட்டார்.

“பாதையில நிக்கிறன் சேர். பாதை நிண்டிட்டுது.”

“பாதை எப்பிடி ரீச்சர் நிக்கும்?”

விளக்கப் போகையில் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், இரண்டு கரையும் ஒரே தூரத்தில் இருந்தன. அந்த வாரம் முழுக்க நான் ஒன்றில் போன வருடத்தில் இருந்தேன், அல்லது நான் இல்லாத வீட்டில் மகள் ஓ.எல். சோதனைக்குத் தனியே கணக்குச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டுக்கும் போக வழியில்லை. பிடித்திருந்த கம்பி வெயிலில் சுட்டது. பக்கத்துக் கூடையில் மீன் மணத்தது. மூச்சு வந்து போனது. பயம் போகவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அதற்குச் செய்ய வேலை ஒன்றும் இருக்கவில்லை. வலை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

எஞ்சின் இயங்கிவிட்டது.

அக்கா இறங்குதுறையில் குடையோடு நின்றாள். உறையைக் கிழித்து, தாளை இரண்டு தரம் வாசித்து, பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

“சாப்பிட்டனியோ?”

எதையும் நேரே போட்டு உடைக்கிறவள் அக்கா. அவள் சுற்றி வளைத்து நான் பார்த்ததில்லை.

“திரும்பிப் போற பாதை எத்தினை மணிக்கு அக்கா?”

அவள் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“இண்டைக்கு நீ போகேலாது. நாளைக்கு வெள்ளண ரெண்டு பேருமாப் பெரியாஸ்பத்திரிக்குப் போறம்.”