ஐரிஸ் ஆன்ட்டி மறந்த வரி

1. சர்ச்சில் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை மதியம், ஐரிஸ் ஆன்ட்டி மேடையில் ஒரு வரியை மறந்தார்.
2. எடுத்துக்கொடுக்க வேண்டியவள் நான். கொடுக்கவில்லை.
3. இருபது நாளில் அவர் இறந்துபோனார்.
4. ஒலிப்பதிவில் அந்த வரியை நான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டும் நான்கும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது, தெரியும். மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. ஆவி, ஆத்துமா என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆனாலும் இது நடந்தது.

ஐரிஸ் ஆன்ட்டி வெள்ளைக்காரர். பாளையங்கோட்டையில் பிறந்து, பதினோரு வயதில் லண்டன் போய், நாற்பது வருடம் நாடகமும் சினிமாவும் நடித்துவிட்டு எங்கள் தெருவுக்கே திரும்பி வந்தவர். நாடகத்தில் ராணியாகக்கூட நடித்திருக்கிறார், சினிமாவில் மட்டும் பெரும்பாலும் கதவு திறந்துவிடும் வேலைக்காரி. “நான் தெறக்காத கதவு இல்லட்டி” என்று சிரிப்பார். அதையே தமிழில் சின்ன நாடகமாக எழுதி, ஆலயத்தில் தனியாக நடிக்க ஆசைப்பட்டார். கடைசியாக ஒரு தடவை, முழுசாக. ஞாபகம் தவறத் தொடங்கியிருந்ததால் என்னைக் கூப்பிட்டார்.

“சும்மா நின்னேன்னா அது நடிப்பு, வாயத் தெறக்காத. இடது கை தொங்கிச்சுன்னா மறந்துட்டுன்னு அர்த்தம். பைய, யாருக்கும் கேக்காம, வரிய எடுத்துக் குடு.”

ஒத்திகையில் வரி கிடைத்ததும் “ம்” என்பார், நன்றி சொல்வதுபோல.

அன்று அவர் சேலையில் மைக்கைக் குத்திவிட்டு ஓரத்தில் மடிக்கணினியில் பதிவு செய்தபடி உட்கார்ந்தேன். திரையில் ஒலி அளவு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அதையே பார்த்தேன். அவர் நின்றார். நடிப்பு என்று நினைத்தேன். பின்னாலிருந்து ஒருவர் “அசனம் ஆறுதுல்லா” என்றார், சிலர் சிரித்தார்கள், முடிந்துவிட்டதென்று எல்லாரும் கைதட்டினார்கள். நான் நிமிர்ந்தபோது இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அழகாகக் குனிந்து வணங்கிவிட்டு இறங்கினார்.

ஆட்டோவில் ஒன்றுதான் கேட்டார். “நீ என்னப் பாக்கலியாட்டி?”

நடிப்பென்று நினைத்தேன் என்றேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்று இருபது நாளும் போய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை பதிவைக் கேட்டேன். அந்த மௌனம் வந்தது. அதன் நடுவில் என் குரல், பைய: “கதவு தெறந்துதான் இருக்கு, உள்ள வாங்க.”

மறந்த வரி அதுதான். நம்பினால் நம்புங்கள், அன்று நான் வாயே திறக்கவில்லை. என் அம்மாவைக் கேட்க வைத்தேன்.

“ஒங் கொரல்தான். சொல்லியிருக்கியே, பின்ன எதுக்குளா அழுவுத?”

இப்போதைய நிலை: பதிவு என்னிடம் இருக்கிறது. கேட்டவர்கள் எல்லாரும் என்மேல் தப்பில்லை என்கிறார்கள். அதில் என் குரலுக்குப் பிறகு, கைதட்டலுக்கு முன்னால், ஐரிஸ் ஆன்ட்டி “ம்” என்கிறார்.