ஜப்பான் எழுத்தாக ஓடிய அந்தியூர்க் குதிரை

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஜப்பானிலிருந்து புது இயந்திரங்கள் வரப்போவதாகவும், கூட வரும் பொறியாளர்களுக்கு மொழிபெயர்க்க எங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதாகவும் சொல்லி, மாலையில் ஜப்பானிய மொழி வகுப்பு வைத்தார்கள். அதில் பெண் நான் ஒருத்திதான். "உங்களுக்கு எதுக்குங்க அம்மணி இந்த வம்பு?" என்று உடன் படித்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அந்த வேலையைப் பிடித்தே தீருவது என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது.

ஆனால் எழுத்து மண்டையில் ஏறினால்தானே! அந்த எழுத்துகளில் பல, ஆதியில் கண்ணால் கண்டதை வரைந்த படங்கள் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. படம்தானே, பிடித்துவிடலாம் என்று அண்ணனின் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். சத்தியமங்கலம் போகிற வழியில் மூன்று முகடாக நின்ற மலை அப்படியே 'மலை' எழுத்து. எங்கள் தோட்டத்து மோட்டார் ரூம் மேலே ஏறிப் பார்த்தால், குறுக்கும் நெடுக்குமாக வரப்பு ஓடி, 'வயல்' எழுத்து கீழே கிடந்தது. மரம், ஆறு எல்லாம் சிக்கின. குதிரைதான் சிக்கவில்லை. மேலே சில கோடு, பக்கத்தில் வளைந்து இறங்கும் ஒரு கொக்கி, கீழே நாலு புள்ளி. இதில் குதிரை எங்கே?

ஆடி மாதம் அண்ணனோடு அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போனேன். விற்க வந்த குதிரைகளுக்குப் பிடரியைப் பின்னிக் குஞ்சம் கட்டி, கல்யாணப் பெண் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் எழுத்து தெரியவில்லை. ஃபிலிமில் கடைசிப் படம்தான் பாக்கி. எரிச்சலில் ஒரு வெள்ளைக் குதிரையின் முன்னால், மண்ணில் குச்சியால் அந்த எழுத்தைக் கிறுக்கினேன்.

"என்னங்க அது?" என்றார் குதிரைக்காரர்.

"ஜப்பான்ல இதுதானுங்க குதிரை."

"இதா? தலையவே காணோமுங்களே!" மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. "குதிரைன்னா என்னன்னு நான் காட்டிப்போடறனுங்க!" என்றவர், காலையிலிருந்து சிங்காரித்த பின்னலைச் சரசரவென்று அவிழ்த்தார். தாவி ஏறி மைதானத்தில் ஒரே விரட்டு.

கேமரா வழியே பார்த்தேன். பிடரி கோடு கோடாகப் பறந்தது. கீழே நாலு காலும் பாய்ந்தன. வால் வளைந்து நின்றது. என் எழுத்து உயிரோடு ஓடியது! கேமரா பட்டனை அழுத்திவிட்டு, ஆள் கூட்டத்தையும் பாராமல் கைதட்டினேன். அந்த ஓட்டத்தைப் பார்த்தே அவரைச் சுற்றி வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

தேர்வு நாளில் என் படங்களை மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் எழுத்தைப் பிசகாமல் எழுதினேன். தேர்வு வைத்த ஜப்பானியர் குதிரைப் படத்தை எடுத்து, பிடரியின் மேல் விரலால் அந்த எழுத்தை எழுதிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். வேலை எனக்குத்தான்! அன்று சாயங்காலமே, கேலி செய்தவர்களில் ஒருவர் வந்து, "அந்த போட்டோவெல்லாம் ஒரு நாளைக்குக் குடுங்க அம்மணி, நானும் பார்த்துப் படிச்சுக்கறேன்" என்று கேட்டார். கொடுத்தேன், கொஞ்சம் அலட்டிக்கொண்டுதான்.

இன்றும் ஏதாவது புரியாமல் முரண்டு பிடித்தால், நிறுத்தி வைத்து முறைப்பதை விட்டு, அதை ஓடவிட்டுப் பார் என்று எனக்குச் சொல்வது அந்த வெள்ளைக் குதிரைதான்.