பின்னால் நடந்த வழிகாட்டி

காலை ஆறு பத்துக்கு ஆலங்காயத்தில் பேருந்து ஏறி, ஏழு மணிக்குக் காவலூரில் இறங்கினேன். மலைப் பனி விலகியிருக்கவில்லை. ஆலங்காயத்து டீக்கடைக்காரர் போனில் சொல்லி ஏற்பாடு செய்திருந்த வழிகாட்டி கோவிந்தன் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, இடுப்பில் கொடுவாள். முதலில் என் பையைத்தான் பார்த்தார். எந்த ஊர், யார் அனுப்பியது, தனியாகவா வந்தேன் என்று கேட்டார். கடைசிக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

அருவிக்கு அவருடைய ஊர் வழியாக நான்கு கிலோமீட்டர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஊர் வருவதற்கு முன்பே அவர் காட்டுக்குள் திருப்பினார். ஏன் என்றதற்கு, இதுதான் நல்ல வழி என்றார்.

எட்டரை மணிக்கு போனில் சிக்னல் போய்விட்டது. வழிகாட்டி முன்னால் நடப்பார் என்று நினைத்திருந்தேன். இவர் எனக்குப் பின்னாலேயே வந்தார். இடது, வலது என்று முதுகுக்குப் பின்னால் குரல் மட்டும் கேட்டது. ஓர் இடத்தில் கரடி கிளறிய புற்றைக் காட்டி, மண் ஈரம் காயவில்லை, விடியலில்தான் போயிருக்கிறது என்றார். காட்டைத் தெரிந்தவர்தான். எனக்கு அதுவே கூடுதல் பயமாக இருந்தது. கொடுவாள் உரசும் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே நடந்தேன்.

ஒன்பதேகாலுக்கு, பேச்சை வளர்க்க நினைத்து ஒரு மரத்தைத் தொட்டு, இது சந்தனமா என்று கேட்டேன். பின்னால் காலடி நின்றது.

"சந்தனம் இன்னாத்துக்குங்க உங்களுக்கு?"

திரும்பினேன். பையைக் காட்டச் சொன்னார். பாறைமேல் எல்லாவற்றையும் கொட்டினேன்: துண்டு, புளிசாதப் பொட்டலம், நோட்டு. நோட்டைப் புரட்டியவர், வழியில் பார்த்த மரங்களையும் இடங்களையும் நான் குறித்திருந்த பக்கத்தில் நிறுத்தினார். பிறகு உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

நான்கு வருடத்துக்கு முன் என்னைப் போலவே ஒருவர் அருவி பார்க்க வந்தாராம். கோவிந்தன்தான் ஊருக்குள் அழைத்துப் போய்ச் சோறு போட்டார். ஒரே வாரத்தில் அந்த ஆள், ஆந்திராவில் கிணறு வெட்டும் வேலை என்று கோவிந்தனின் தம்பியைக் கூட்டிப்போனார். அங்கே வெட்டவைத்தது செம்மரம். தம்பிக்கு இரண்டு வருடம் ஜெயில்.

"நான்தாங்க அந்தாள ஊருக்குள்ள இட்டுக்கினு போனேன்."

அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அருவியைக் காட்டினார், என் புளிசாதத்தைச் சாப்பிட மறுத்தார். திரும்பும்போதும் அதே சுற்று வழி, அதே பின்நடை.

மூன்றரை மணிப் பேருந்து கிளம்பி வளைவில் திரும்பும் வரை நின்று பார்த்தார். வழியனுப்பவா, நான் போய்விட்டதை உறுதி செய்யவா என்று தெரியவில்லை.

சென்னையில் எங்கள் அடுக்குமாடி வாசலில் பெயரும் நம்பரும் எழுதினால் யாரும் உள்ளே போகலாம். என்னைத் தன் ஊருக்குள் விட, கோவிந்தனுக்கு என்னோடு ஒரு பகல் முழுக்க நடந்தும் போதவில்லை.