பறவை பார்க்கப் போனது

மாமி வத்தையில், அந்தச் சின்னப் படகில், ஏறிய காலைப்பொழுது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வலது காலைத் தூக்கிப் படகின் பலகையில் வைத்தார். அது ஆடியதும் இடது காலைக் கரையிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டார். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தோணி ஓட்டிய வீட்டின் தலைவி அவர். ஆனால் ஐம்பது வயது வரைக்கும் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. எங்கள் திருப்பாலைக்குடியில் கடல் ஆண்களுடையது. பெண்களுக்கு அது கொல்லைப் பக்கம் கேட்கும் சத்தம், அவ்வளவுதான்.

மாமி என்று நான் சொல்வது என் கணவரின் தாயாரை. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய் ஒரு வருஷம்கூட நிறையவில்லை. என் கணவர் கொழும்பில் கடையில் இருந்தார். மாமா இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. வீட்டில் மாமி, அவருடைய கடைசி மகள், நான் என்று மூன்று பெண்கள். என் நாத்தனாருக்குப் பதினேழு வயது. கொழும்பில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் சம்பந்தம் பேசி முடித்து, நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ் என்று சொல்லியிருந்தார்கள்.

காரங்காட்டுக் கழிமுகத்தில் தை மாதம் பூநாரைகள் வந்து இறங்கும் என்று மாமா உயிரோடு இருந்தபோது சொல்வாராம். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது மாமி, "நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார். "எதுக்கு மாமி?" என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். கல்யாண வீடு, மவுத்து வீடு, தர்காவுக்கு ஜியாரத், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஏதாவது ஒன்றுக்காகத்தான் எங்கள் பெண்கள் தெருவைத் தாண்டுவார்கள். சும்மா போவது என்று ஒன்று இருப்பதை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

விடியுமுன் திரை கட்டிய மாட்டு வண்டியில் புறப்பட்டோம். மாமாவின் தோணியில் வேலை பார்த்த காரங்காட்டுக்காரர் ஒருவர் வத்தையோடு காத்திருந்தார். அலையாத்தி மரங்களுக்கு நடுவே கம்பை ஊன்றி ஊன்றிப் படகைத் தள்ளினார். மரங்களின் வேர்கள் சேற்றிலிருந்து விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருந்தன. ஓடை முடிந்து வெளி திறந்ததும் பறவைகள். முதலில் எனக்கு அது உப்பு குவித்து வைத்ததுபோலத்தான் தெரிந்தது. பிறகு குவியலுக்குக் கால்கள் முளைத்தன. நாத்தனார் எழுந்து நின்றாள், வத்தை ஆடியது, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மாமி அதட்டவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

இருக்க வேண்டியதைவிட அதிக நேரம் இருந்துவிட்டோம். அடியில் ஏதோ உரசியது. படகுக்காரர் கம்பை ஊன்றிப் பார்த்தார்.

"தண்ணி வத்திருச்சும்மா. இனி சாயங்காலம்தான் ஏறும். இல்லாட்டி இறங்கி நடக்கணும்."

"எம்புட்டுத் தூரம்?" என்றார் மாமி.

"அங்கன பனை நிக்குதுல்ல, அதுவரைக்கும்."

சாயங்காலம் திரும்பினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மாமி போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியைக் கழற்றிச் சுருட்டிப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். நாங்களும் இறங்கினோம். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பனையடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூவரின் உடம்பிலும் பாதி சேறு. அங்கே காத்திருந்த வண்டிக்காரர் அன்று திரையை இரண்டு முடிச்சாகப் போட்டார். யாருக்கும் தெரியாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

தெரியவைத்தவள் நான். ஐந்தாம் வகுப்பு வரை படித்த எனக்கு எழுதத் தெரியும் என்பதில் ஒரு பெருமை இருந்தது. அந்த வாரமே கணவருக்கு நான்கு பக்கக் காயிதம் எழுதினேன். பறவை, சேறு, நாத்தனாரின் சிரிப்பு, மாமி துப்பட்டியைக் கழற்றியது, எதையும் விடவில்லை. அவரும் பெருமைக்காரர். பெண்டாட்டி எழுதியதைக் கடையில் உட்கார்ந்து உரக்கப் படித்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நாத்தனாருக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் வாப்பாவும் ஒருவர்.

ஒரு மாதத்தில், மாப்பிள்ளை வீட்டார் தயங்குகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு தரகர் வந்தார். நல்ல மனிதர். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு வழியும் அவரே சொன்னார். "ஜியாரத்துக்குப் போன எடத்துல படகு ஏற வேண்டியதாப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பேசி முடிச்சிர்றேன்."

"போகாத ஜியாரத்தைப் போனேன்னு நான் எப்படிச் சொல்ல? பறவை பாக்கத்தான் போனோம்" என்றார் மாமி. தரகர் எழுந்து போனார். சம்பந்தமும் அத்தோடு போயிற்று.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மாமியிடம் காயித விஷயத்தைச் சொன்னேன். என்ன எழுதினேன் என்று கேட்டார். அவருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது. நினைவிலிருந்து முழுவதையும் ஒப்பித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "எல்லாம் சரிதான். சேறு முழங்கால் வரைக்கும்னு எழுதிட்டே. இடுப்பு வரைக்குமுல்ல இருந்துச்சு" என்றார். அந்தப் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. ஆனால் நாத்தனார் என்னோடு பேச ஒரு வருஷம் ஆயிற்று. பேசத் தொடங்கிய பிறகும் அந்தக் காலையைப் பற்றி அவள் என்னிடம் வாய் திறக்கவில்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்பது இப்போது நினைவில்லை. கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது காரங்காட்டில் சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் படகில் போகலாம். போன வருஷம் மகன் குடும்பத்தோடு நானும் போயிருந்தேன். முட்டுவலியால் நான் ஏறவில்லை. புர்கா போட்ட பெண்கள் அதற்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளை அதட்டியபடி வரிசையாக ஏறினார்கள். எதற்குப் போகிறீர்கள் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

நாத்தனார் கடைசிவரை வாழ்ந்தது தொண்டியில் வாழ்க்கைப்பட்ட வீட்டில். அந்தச் சம்பந்தம் வந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். முதல் சம்பந்தம் கலைந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் உம்மா பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்திய நாள் நாத்தனார், "இவங்ககிட்ட முதல்லயே சொல்லிருங்க உம்மா. பின்னாடி யாரும் வந்து கேக்க வேணாம்" என்றாள். மாமி அப்படியே செய்தார். காலையில் வந்தவர் உட்கார்ந்ததும் வண்டி, வத்தை, சேறு எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன்.

"புள்ளைய வரச்சொல்லுங்க" என்றார் அவர். "நீங்க சேத்தைத்தான் சொல்றீங்க. பறவையப் பத்தி அவ சொல்லட்டும்."

நாத்தனார் வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பிய நேரத்திலிருந்து தொடங்கினாள். நான் மறந்துபோனதெல்லாம் அவளிடம் இருந்தது. மதியம் லுஹர் பாங்கு சொன்னபோதும் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். சம்பந்தத்தைப் பற்றி அதுவரை யாரும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை.